மூன்று முறை பிரித்த தையல்

பிப்ரவரி 24

தங்கைக்கு,

‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை. அதனால் போடவில்லை.

நீ அந்தத் தீவுக்குப் போய் நாலு வாரம் ஆகிறது. நீ எழுதிய இரண்டு கடிதங்களும் என் தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில், பிரிக்காமலே கிடந்தன. நேற்றுதான் பிரித்தேன். காற்று பலமாக அடிக்கிறது, வானிலை நிலையத்தில் மொத்தம் நாலே பேர், படகு பத்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். எல்லாம் தெரிந்துகொண்டேன். சந்தோஷம்.

நீ கிளம்பிய அன்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? பீரங்கி உன் மடியில் கிடந்து கத்தினாள். (ஆமாம், உன் மாமா தன் மகளுக்கு வைத்த பெயர் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவள் அழுதால் எதிர்வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும்.) நீ என்னைப் பார்த்து, "பால் போதலையோ என்னவோக்கா" என்றாய். என் நாத்தனார் பக்கத்திலேயே இருந்தார். நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அந்த வார்த்தை போகவில்லை. இங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது.

இப்போது பீரங்கிக்கு நாலு மாதமும் நாலு நாளும் ஆகிறது. பத்து நாளாக அவளுக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கேட்கிறாள். குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, தோளில் கிடந்தபடியே அடுத்த வேளைக்கு வாய் திறக்கிறாள். நான் எப்போது வேலை பார்ப்பது? நாற்பது பள்ளிச் சீருடை வெட்டினது வெட்டினபடி கிடக்கிறது. இதற்கு நடுவில் அவளுடைய மஞ்சள் கவுனை வேறு பிரிக்க வேண்டியிருந்தது. பின்னால் தேவைப்படுமே என்று இரண்டு பக்கமும் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைத்திருந்தேன். ஒரு தடவை பிரித்துவிட்டாயிற்று. இந்த வாரம் இரண்டாவது தடவை. வேலை இல்லாதவளுக்கு வேலை வைக்கிறாள்.

நாத்தனார் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கேதான் வருகிறார். விளையாட்டு ஆசிரியை அல்லவா, கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டே இருக்கும். "உன் தங்கச்சியே சொல்லிட்டா. படிச்ச பொண்ணு சும்மா சொல்வாளா? டப்பா மாவு கரைச்சுக் குடு, ரெண்டு ஸ்பூன். பிள்ளை அசந்து தூங்கும்" என்கிறார். வருகிற ஞாயிறு ஆரம்பிப்பது என்று முடிவாகிவிட்டது. நானும் சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு அலுத்துவிட்டது.

நீ உலகத்தில் உள்ள புத்தகமெல்லாம் படிப்பவள். இதைப் பற்றி ஏதாவது தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் எழுதாதே.

அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

நேற்று மதியம் படகு வந்தது. அரிசி மூட்டை, பேட்டரி, உன் கடிதம். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு காற்றுமானிக் கம்பத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். படித்து முடிப்பதற்குள் படகு திரும்பிவிட்டது. இந்தப் பதில் அடுத்த படகில், மார்ச் எட்டாம் தேதிதான் கிளம்பும். அதற்குள் உன் ஞாயிற்றுக்கிழமை முடிந்துபோயிருக்கும். முடிந்துபோன ஒன்றைப் பற்றி எழுதுவது எப்படி என்று தெரியாமல் எழுதுகிறேன்.

அந்த வாக்கியம். அதைச் சொன்னது தப்பு. ஏன் சொன்னேன் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று தைரியம் இல்லை.

நிலைய அலமாரியில் ஒரு தடித்த மருத்துவக் கையேடு இருக்கிறது. டாக்டர் இல்லாத இடம் என்பதால் வைத்திருக்கிறார்கள். அதில் குழந்தைகளைப் பற்றிப் பதினோரு பக்கம். மூன்று முறை படித்தேன். ஆறு மாதம் வரை பால் மட்டுமே போதும் என்கிறது. நாலாவது மாதத்தை ஒட்டிப் பல குழந்தைகள் திடீரென்று ஓயாமல் பால் கேட்கும், அது வளர்கிற பசி, கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் சில நாளில் பால் சுரப்பு அதற்குத் தக்கபடி கூடிவிடும் என்கிறது. பால் போகிறதா என்பதற்கு அழுகை அடையாளம் இல்லை. நனைகிற துணிதான் அடையாளம். ஒரு நாளில் ஆறு துணியாவது நனைய வேண்டும்.

இங்கே எங்களுக்கு ஒரு விதி உண்டு. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து அதில் எத்தனை பங்கு மேகம் என்று எழுதலாம். "மழை வரும்போல் இருக்கிறது" என்று எழுதக்கூடாது. முதல் வாரம் நான் அப்படி எழுதிவிட்டேன். பொறுப்பாளர் அம்மா சிவப்பு மையில் அடித்துவிட்டு, "கண்ணுக்குப் பட்டதை மட்டும் எழுது, மனசுக்குப் பட்டதை வீட்டுக்கு எழுது" என்றார்.

எனவே உனக்குத் தாள் அனுப்புகிறேன். நானே கோடு போட்டது. ஒரு நாளைக்கு ஒரு தாள். பால் கொடுக்கும்போதெல்லாம் ஒரு கோடு, துணி நனைந்தால் ஒரு கோடு. கீழே, தாளை முடித்த நேரம். யார் என்ன சொன்னார்கள் என்பதற்குக் கட்டமே கிடையாது, கவனித்தாயா?

ஞாயிற்றுக்கிழமை நீ ஏதாவது கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. அதையும் எழுது. ஆனால் எழுது.

பல்லி

(நீ வைத்த பெயர்தான். சுவரோடு ஒட்டிக்கொண்டு படிக்கிறேன் என்று. இங்கே சுவர் சில்லென்று இருக்கிறது.)

*

மார்ச் 14

அடியே பல்லி,

காலை ஒன்பதரைக்குத் தபால் எடுத்துவிடுவார்கள். ஓட்டமாக எழுதுகிறேன். தாள்கள் ஆறும் உள்ளே இருக்கின்றன. ஆறாவது இன்றையது. தபாலுக்காக ஒன்பது மணியோடு முடித்துவிட்டேன்.

முதலில் அந்த ஞாயிறு. நாத்தனார் வரும்போதே புது டப்பா, புது ஸ்பூன், சின்னக் கிண்ணம். உன் மாமா கேமராவோடு நிற்கிறார், பஸ் பணிமனைச் சட்டையைக் கூட மாற்றவில்லை. பீரங்கியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டேன். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. நாத்தனார் ஸ்பூனை வாயில் வைத்தார். பீரங்கியின் நாக்கு வந்தது. வீட்டுக்காரர் வாடகை பாக்கிக்காரனை வெளியே தள்ளுவதுபோல் அத்தனையையும் தள்ளிவிட்டது.

"முதல் தடவை அப்படித்தான்" என்றார். இரண்டாவது ஸ்பூன். நாக்கு. மூன்றாவது. நாக்கு. மாவு தாடையில் இறங்கிக் கழுத்து மடிப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. நாலாவது ஸ்பூனை நாத்தனார் உயர்த்தியபோது பீரங்கி என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. ‘நீயுமா இவங்ககூட?’ என்பதுபோல் ஒரு பார்வை.

"போதும் அண்ணி" என்றேன்.

"என்ன போதும்? ஒண்ணுமே உள்ள போகலை."

"அதனாலதான் போதும்ங்கறேன்."

விசில் ஊதாததுதான் குறை. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாரமாக வரவில்லை. உன் மாமா எடுத்த படத்தில் என் முழங்கையும் விசிலும் மட்டும் விழுந்திருக்கின்றன.

அதற்கப்புறம் எட்டு நாள் நான் தனியாக என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. மாவும் வேண்டாம் என்கிறாள், பாலும் போதவில்லை என்கிறார்கள், பிள்ளை எதைத்தான் தின்று வளரும்? அப்போதுதான் உன் தாள் வந்தது. மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டேன். பாக்கெட்டுக்குக் குறி போடுகிற நீலச் சாக்பீஸால் கோடு போடுகிறேன். உன் மாமாவுக்கு ஒரே உற்சாகம். வேலை விட்டு வந்ததும் கை கழுவுவதற்கு முன்னால் தாளைத்தான் பார்க்கிறார். "இன்னிக்குப் பன்னெண்டு! டீசல் வண்டிகூட இவ்வளவு குடிக்காது!" என்று கத்துகிறார். நேற்று எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத் தானாகவே ஒரு கோடு போட்டார். அழித்துவிட்டேன். கண்ணுக்குப் பட்டதை மட்டும்தானே எழுத வேண்டும்?

மஞ்சள் கவுனை மூன்றாவது தடவையும் பிரித்துவிட்டேன். உள்ளே விட்டிருந்த துணி தீர்ந்தது. இனிப் புதுசுதான்.

தபால்காரர் வந்துவிட்டார்.

அக்கா

*

மார்ச் 18

அக்கா,

படகு கால் மணி நேரத்தில் கிளம்புகிறது. வயர்லெஸ்ஸில் ஏற்கனவே செய்தி அனுப்பிவிட்டேன். துறைமுக அலுவலகத்திலிருந்து உன் தையல் கடைக்கு ஆள் வந்திருப்பார். இந்தக் கடிதம் வருவதற்குள் நீ டாக்டரிடம் போயிருக்க வேண்டும்.

ஆறாவது தாள். பால் மூன்று முறை. நனைந்த துணி ஒன்று. ஒரே ஒன்று. நாலு முறை எண்ணினேன். வயர்லெஸ்காரரையும் எண்ணச் சொன்னேன். அவர் மூன்று பிள்ளைக்குத் தகப்பன். அவர் முகமும் மாறிவிட்டது. முதல் ஐந்து தாளில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று இருந்தது. ஒரே நாளில் மூன்றாகக் குறைந்திருக்கிறது. உடம்பு சுடுகிறதா? கண் குழிந்திருக்கிறதா? ஏன் கடிதத்தில் நீ ஒன்றுமே சொல்லவில்லை?

நாலு நாள் ஆகிவிட்டது, தாள் என் கைக்கு வர. அந்த நாலு நாளும் நான் இங்கே மேகத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பல்லி

*

மார்ச் 19

அடி கழுதை,

‘குழந்தை நலம், கோபம் கடிதத்தில்’ என்று உனக்கு வயர்லெஸ்ஸில் அனுப்பும்படி உன் மாமா துறைமுக அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தார். இதோ கோபம்.

நேற்று மதியம் காக்கிச் சட்டை போட்ட ஆள் ஒருவர் கடை வாசலில் வந்து நின்று, ஒரு தாளை நீட்டினார். ‘ஆறாவது தாள் பார்த்தேன். குழந்தையை உடனே டாக்டரிடம் காட்டவும். தாமதம் வேண்டாம். தங்கை.’ அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். டேப்பை அவர் தோளிலேயே விட்டுவிட்டு ஓடினேன். தூக்கிய கையை அவர் எப்போது இறக்கினார், எப்போது வீட்டுக்குப் போனார், தெரியாது. டேப் இன்னும் வரவில்லை.

பணிமனையிலிருந்து உன் மாமா, பழுது பார்க்க வந்த பஸ்ஸையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் நாங்கள் மூன்று பேர். பிரேக் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வழி முழுக்க எனக்கு உன் அந்த வாக்கியம்தான். பால் போதவில்லை. அப்படியானால் அது உண்மைதான். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்குத்தான் தெரியவில்லை. பீரங்கி என் மடியில் படுத்துக்கொண்டு பஸ் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை.

டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பீரங்கியின் துணியையெல்லாம் கழற்றித் தராசில் போட்டார். முள்ளைப் பார்த்தார். பழைய அட்டையைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"பிறந்தப்ப ரெண்டு கிலோ தொள்ளாயிரம். இப்ப ஆறு கிலோ நூறு. ரெண்டு மடங்குக்கு மேலயே ஏறிட்டா. இந்தப் பிள்ளைக்கு என்னன்னு இவ்வளவு அவசரமா வந்தீங்க?"

நான் விக்கிக்கொண்டே உன் செய்தியைக் காட்டி, தாள் விஷயத்தையும் சொன்னேன். ஆறாவது தாளில் என்ன எழுதினேன் என்று கேட்டார். மூன்று கோடு, ஒரு கோடு என்றேன்.

"ஒரு நாள் முழுக்கவா?"

"இல்ல டாக்டர். ராத்திரி பன்னெண்டு மணிக்குப் புதுத் தாள் மாட்டுவேன். அன்னிக்குக் காலைல ஒன்பது மணிக்கே தபால்ல போட்டுட்டேன். மீதி நாள் அப்புறம்தானே வரும்?"

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தாளின் கீழே ‘காலை 9 வரை’ என்று நான் பளிச்சென்று எழுதியிருந்தேனே, படித்த பெண்ணே! படித்தது எல்லாம் காற்றோடு போய்விட்டதா?

சரி. இது கோபம். இனிமேல் செய்தி.

திட உணவு எப்போது என்று கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையையும் சொன்னேன். "நாக்கு தள்ளுதுன்னா அவ இன்னும் தயாராகலைன்னு அர்த்தம். ஆறு மாசம் நிறையட்டும். தேதி மட்டும் பார்க்காதீங்க, பிள்ளையையும் பாருங்க. தலை ஆடாம நிக்கணும், பிடிச்சுக்கிட்டா உட்காரணும், நீங்க சாப்பிடறப்போ பாய்ஞ்சு வரணும், நாக்கு தள்ளறது நிக்கணும். எல்லாம் சேர்ந்து வந்தா ஆரம்பிங்க" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, "பால் தாராளமா இருக்கும்மா" என்றார்.

திரும்பி வரும்போது உன் மாமா அந்தக் காலி பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தி, ஆளே இல்லாத நடைபாதையைப் பார்த்து, "ஆறு கிலோ நூறு!" என்று அறிவித்துக்கொண்டே வந்தார்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் நீ அந்தச் செய்தியை அனுப்பாவிட்டால் நான் தராசுப் பக்கம் போயிருக்க மாட்டேன். பயத்தில் போகாமலே இருந்திருப்பேன்.

அக்கா

*

மார்ச் 28

அன்புள்ள அக்கா,

இன்று படகில் டீசல் பீப்பாய் நிறைய வந்திருக்கிறது. இறக்க மூன்று மணி நேரமாகும். முழுசாக எழுதலாம்.

உன் கடிதத்தை வயர்லெஸ்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். எங்களுக்கு நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை அக்கா. மழைமானியைக் காலை ஒன்பது மணிக்கு அளப்போம். அன்றைய தேதி போட்டு ‘காலை 9 வரை’ என்று எழுதினால், முந்தின நாள் ஒன்பதிலிருந்து அன்று ஒன்பது வரை பெய்த அத்தனையும் அதில் அடக்கம். முதல் ஐந்து தாளில் நீ நேரமே போடவில்லை. ஆறாவதில் மட்டும் ‘காலை 9 வரை’. பரவாயில்லையே, அக்கா ஒழுங்காகப் பதியக் கற்றுக்கொண்டாளே என்று ஒரு நிமிடம் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் எண்ணைப் பார்த்தேன். இங்கே இருக்கும் நாலு பேரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

உன் மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். வானத்தைப் பார்த்துப் பழகிய கண் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டதுபோல் உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு கிடைத்தது. பிப்ரவரி 24: மஞ்சள் கவுனை ஒரு தடவை பிரித்துவிட்டாயிற்று, இந்த வாரம் இரண்டாவது தடவை. மார்ச் 14: மூன்றாவது தடவை, உள்ளே விட்டிருந்த துணி தீர்ந்தது. இதை நீ அலுப்பாக எழுதியிருக்கிறாய், வேலைக்கு நடுவில் இன்னொரு தொல்லை என்று. அக்கா, வயிறு காய்கிற பிள்ளைக்கு யாராவது கவுனைப் பிரித்துவிடுவார்களா? என் தாள் வருவதற்கு முன்னாலேயே நீ பதிவு எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். கத்தரியால். ஊரே உன் பாலைச் சந்தேகப்பட்டபோது உன் கைக்கு மட்டும் உண்மை தெரிந்திருக்கிறது. அது உன்னிடம் சொல்லத்தான் நேரம் கிடைக்கவில்லை.

இப்போது, நான் தள்ளிப்போட்டது.

அன்று பீரங்கி பசியில் அழவில்லை. நான் தூக்கியதால் அழுதாள். எனக்குக் குழந்தையைப் பிடிக்கத் தெரியவில்லை. தலைக்குக் கீழே கை வைப்பதா, முதுகிலா என்று விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நீ வாங்கிக்கொண்டதும் நின்றுவிட்டது அழுகை. நீ பால்கூடக் கொடுக்கவில்லை. சும்மா தோளில் போட்டாய். உன் நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் இத்தனை படித்தவள், என் கை ஒரு குழந்தைக்குப் பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் கையின் குற்றத்தை உன் பால்மேல் போட்டுவிட்டேன்.

இதை இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்க்கிறேன். அடிக்கவில்லை.

ஏப்ரல் 17 படகில் எனக்கு மாற்று ஆள் வருகிறார். இருபது நாள் விடுப்பு. இருபதாம் தேதி பீரங்கிக்கு ஆறு மாதம். முதல் ஸ்பூன் அன்று நான் ஓரமாக நிற்கலாமா? தூக்க மாட்டேன். சத்தியம்.

பல்லி

*

ஏப்ரல் 4

அன்புள்ள பல்லிக்கு,

பார், போட்டுவிட்டேன், ‘அன்புள்ள’.

உன் கடிதத்தை அளவு மேஜையில் நின்றுகொண்டே படித்தேன். படித்ததும் அந்த மஞ்சள் கவுனை எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் மூன்று வரிசையாகப் பழைய ஊசித்துளைகள். நானே போட்டு நானே பிரித்தது. எனக்கு என்ன தோன்றியது என்று எழுதத் தெரியவில்லை. உன் மாதிரி வார்த்தை எனக்கு வராது. உன் மாமா வந்து பார்க்கும்போது கவுனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேனாம். "என்னாச்சு?" என்றார். "பால் போதும்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, நல்லது" என்றார்.

கைப் பிரச்சினைக்கு இவ்வளவு பெரிய கதையா? இவளைப் பெற்ற அன்று எனக்கும்தான் பிடிக்கத் தெரியவில்லை. நர்ஸ் என்னைத் திட்டின திட்டை உனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஓரமாக நிற்பதாம். வா, நடு மடியில் வைக்கிறேன். கத்தினால் கத்தட்டும். அவள் பெயர் என்ன, புல்லாங்குழலா?

இப்போது கேள். தலையணை முட்டுக் கொடுத்தால் ராணி மாதிரி உட்கார்கிறாள். தலை ஆடவே இல்லை. உன் மாமா சாப்பிட்டால் தட்டிலிருந்து வாய் வரை ஒவ்வொரு கவளத்தையும் கண்ணால் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். அவர் மெல்லும்போது இவளும் வெறும் வாயை மெல்லுகிறாள். மனுஷன் கூச்சப்பட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறார். நேற்று என் டம்ளர் தண்ணீருக்குப் பாய்ந்ததில் சீருடைச் சட்டை இரண்டு நனைந்தது. வெறும் ஸ்பூனை வாயில் வைத்துப் பார்த்தேன். நாக்கு தள்ளவில்லை! உறிஞ்சினாள்! பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பூட்டு ரிப்பேர்காரர், பாவம், "ஓகோ" என்றார்.

இன்னொன்று. நாத்தனார் வந்தார். நானாகப் போய்த்தான் கூப்பிட்டேன். தராசுக் கணக்கைச் சொன்னேன். விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம், "என் பையனுக்கு மூணு மாசத்துலயே ஊட்டினேன். எனக்கு அப்போ யாரும் இந்த மாதிரி சொல்லலை. பள்ளிக்கூடம் போகணும், லீவு இல்லை" என்றார். நான் அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன். அவர் விசிலைக் கழற்றிப் பீரங்கி கையில் கொடுத்தார். நேராக வாய்க்குப் போனது.

முதல் நாளைக்குக் காரட். வேகவைத்து, மையாக மசித்து, என் பாலிலேயே தளர்த்தி. நீ வந்தால் முதல் ஸ்பூன் உன் கையால். இது என் முடிவு. நாத்தனாருக்கு இரண்டாவது ஸ்பூன், அவரும் ஒப்புக்கொண்டார். உன் மாமாவுக்குக் கேமரா. இந்தத் தடவை முழங்கையைப் படம் பிடித்தால் தொலைந்தார்.

பதினேழாம் தேதி துறைமுகத்தில் நிற்போம்.

அக்கா

*

ஏப்ரல் 17 (வயர்லெஸ் வழியாக, துறைமுக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது)

அக்கா. கடல் கொந்தளிப்பு. அலை மூன்று மீட்டர். படகு கிளம்பவே இல்லை. இனி 27தான். துறைமுகத்தில் நிற்க வேண்டாம், வீட்டுக்குப் போங்கள். எனக்காக நிறுத்தாதே. அவள் தயார் என்றால் தயார். இருபதாம் தேதி கொடுத்துவிடு. நேரம், அளவு, முகம் எப்படிப் போனது, எல்லாம் எழுது. கண்ணுக்குப் பட்டதை எழுது. மனசுக்குப் பட்டதையும் எழுது. பல்லி.

(கீழே வேறு கையெழுத்தில்: உங்க தங்கச்சி மூட்டை முடிச்சோட படகுத்துறையிலேயே உட்கார்ந்திருக்காங்களாம். ஜாக்கிரதையா பார்த்துக்கிறோம்னு அங்கேர்ந்து வயர்லெஸ்காரர் சொல்லச் சொன்னார்.)

*

ஏப்ரல் 20

என் பல்லிக்கு,

தேதி: இன்று. வானம்: எட்டில் எட்டுப் பங்கும் தெளிவு. ஜன்னலில் எட்டிப் பார்த்து நானே எண்ணினேன். உன் பக்கத்து மேகத்தை இங்கே அனுப்பியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

நேரம்: காலை ஒன்பது மணி. நாத்தனார் எட்டேகாலுக்கே வந்துவிட்டார். "என்னத்துக்குக் காத்திருக்கோம்? காரட் ஆறிப்போகுது" என்றார். "என் தங்கச்சிக்கு நாள் ஒன்பது மணிக்குத்தான் பொறக்கும்" என்றேன். அவர் உன் மாமாவைப் பார்த்தார். உன் மாமா, "வானிலை" என்று மட்டும் சொன்னார். அப்புறம் அந்த நாற்பத்தைந்து நிமிடமும் கூடத்தில் மூன்று பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பீரங்கி நடுவில் தலையணைக்குள் உட்கார்ந்து, கிண்ணத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவ்வளவு பொறுமையாக நான் அவளைப் பார்த்ததே இல்லை.

முதல் ஸ்பூன் யார் கையால் என்று பேச்சு வந்தது. நீ இல்லை. உன் இடத்தை எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. "நீங்க குடுங்க அண்ணி" என்றேன். "ஐயோ, நான் மாட்டேன். அவ நாக்குகிட்ட ஏற்கனவே அடி வாங்கினவ நான்" என்றார். "அப்ப நான்?" என்றார் உன் மாமா. "நீங்க கேமராவைப் பாருங்க" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். சரி, நானே என்று ஸ்பூன் நுனியில் கொஞ்சமாக எடுத்து, அவள் உதட்டுக்கு ஒரு சாண் முன்னால் வைத்து, கடிகாரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு வினாடிதான்.

ஒரு கை வந்தது. ஸ்பூனைப் பிடித்தது. என் விரலோடு சேர்த்து இழுத்துத் தன் வாயில் செருகிக்கொண்டது.

உன் கையாலும் இல்லை, என் கையாலும் இல்லை. இத்தனை மாதமாக யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று இத்தனை பேர் சண்டை போட்டோம். எடுத்துக்கொள்கிறவளை யாரும் கேட்கவில்லை.

முகம்: முதலில் புருவம் இரண்டும் மேலே போயின. பிறகு ஒரு கண் மட்டும் மூடியது. உடம்பு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. நாங்கள் மூச்சு விடவில்லை. நாக்கு வந்தது. தள்ளவில்லை. உதட்டைத் துழாவி, மிச்சத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டது. விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் கிண்ணத்தைப் பார்த்து, வீடே அதிர ஒரு கத்தல். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தவில்லை. திறந்தது. "என்னாச்சு?" என்றார்கள். "சாப்பிட்டுட்டா!" என்று நாத்தனார் மாடிப்படி வரை ஓடிப்போய்க் கத்தினார். கையோடு ஒரு விசிலும் ஊதினார்.

அளவு: உள்ளே இரண்டு ஸ்பூன். மூன்றாவது என் சட்டையில். நாலாவது கேமராக் கண்ணாடியில். படம் முழுக்க ஆரஞ்சாக இருக்கிறது. உன் மாமா அதுதான் எடுத்ததிலேயே நல்ல படம் என்கிறார். சாப்பிட்டு முடித்ததும் பால் கேட்டாள். கொடுத்தேன். வழக்கம்போல் குடித்தாள்.

இது கண்ணுக்குப் பட்டது. மனசுக்குப் பட்டது ஒன்று. அவள் என் விரலைப் பிடித்து இழுத்தபோது, உன் கை பிடிக்கவில்லை என்று நீ எழுதினது ஞாபகம் வந்தது. நீ பயப்படாதே. இனி நீ பிடிக்க வேண்டியதில்லை. அவள் பிடித்துக்கொள்வாள்.

புதுக் கவுன் தைத்துவிட்டேன், பச்சை. உள்ளே இரண்டு பக்கமும் மூன்று விரல் துணி விட்டிருக்கிறேன். இப்போதே கொஞ்சம் பிடிக்கிறது. ஆனாலும் 27 வரை நான் கை வைக்க மாட்டேன். கத்தரி உனக்காக மேஜைமேல் இருக்கிறது. பீரங்கியை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தையலை நீ பிரி.

அக்கா